எதிரில் ஓர் ஆள் வேண்டும்

தருமபுரி மாவட்டத்து நடுகற்களைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எழுத்தைத்தான் தேடுகிறார்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறு (மாட்டு மந்தை) கவரப்பட்டது, அதை மீட்கப் போய் மாண்டவன் யாருடைய சேவகன் என்று வட்டெழுத்து வரிகள் சொல்லும். பல்லவர் கால வரலாற்றுக்கு அந்த வரிகள் பெரிய கொடை. 1970-களில் இரா. நாகசாமி தலைமையில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்ததால் அவை நமக்குக் கிடைத்தன. ஆனாலும் ஒரு முறையாவது எழுத்தை விட்டுவிட்டு வீரனின் கைகளை மட்டும் பார்க்க வேண்டும்.

பல கற்களில் ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். கால்கள் அகன்று, முட்டி மடங்கி, உடம்பின் எடை நன்றாகத் தரையில் இறங்கியிருக்கிறது. சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. அப்படியும் அவன் முன்னோக்கியே நிற்கிறான். புலியோடு பொருது மாண்டவர்களுக்கு எடுத்த கற்களில் குறுவாளின் முனை விலங்கின் உடம்புக்குள் போயிருக்கிறது.

ஆயுதம் பழகிய கண்ணுக்கு இதில் முதலில் தெரிவது தூரம். வில் எட்ட நிற்பவனுக்கு. குறுவாள் கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிட்டவனுக்கு. சிற்பி மரபாக வந்த உருவத்தைத்தான் செதுக்கியிருப்பான், கல்லைப் பயிற்சிக் கையேடாகப் படிக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் மரபு எங்கிருந்து வந்தது? முள்ளும் பாறையும் நிறைந்த இந்தக் காட்டு நிலத்தில், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவனை மறித்துப் பிடித்தபோது சண்டை முடிந்தது கை நீளத்தில்தான் என்று கண்டவர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். அது என் ஊகம்.

இது அதியமான் நெடுமான் அஞ்சியின் தகடூர் நாடு. அவனுக்காகத் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துப் பாடியதாக வரும் புறநானூற்று 95-ஆம் பாட்டைப் பள்ளியிலேயே படித்திருப்போம். தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூடி, நெய் பூசி, அழகாகக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. போர் மூளாமல் தடுக்கப் போன தூதர் அதைச் சொன்ன விதம் தனி அழகு. எனக்கு அந்தப் பாட்டு இன்று வேறொரு கேள்வியை எழுப்புகிறது. நம் கம்பும் கத்தியும் இன்று எந்தப் பக்கம் இருக்கின்றன?

மாலையானால் தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் என்று எந்த ஊரிலும், தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும், பள்ளி மைதானத்தில் சிலம்பம் பழகும் பிள்ளைகளைக் காணலாம். முப்பது வருடங்களுக்கு முன் இந்தக் காட்சி அரிது. இப்போது பெண் பிள்ளைகள் சரிபாதியாக நிற்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அந்தப் போட்டிகளின் சின்னமாக வேலு நாச்சியாரே இருந்தார். முதலமைச்சர் கோப்பையிலும் சிலம்பம் இருக்கிறது. சான்றிதழ் வேலைவாய்ப்புக்கு உதவும் என்பதால் பெற்றோர் காலணி வாங்கிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இத்தனையும் நல்லது, நான் மனமார வரவேற்கிறேன்.

மைதானத்தில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஒன்று உறைக்கும். அத்தனை பிள்ளைகளும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். கம்பு காற்றைக் கிழிக்கிறது, யாரையும் சந்திப்பதில்லை. செய்தித்தாளில் வரும் சாதனைகளும் அப்படியே: பானை மேல் நின்று சுற்றியது, கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றியது, இத்தனை மணி நேரம் விடாமல் சுற்றியது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சிலம்பத்தில் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என்று இரண்டு உண்டு. முதலாவது மட்டும் ஊருக்கு ஊர் வளர, இரண்டாவது ஒரு சில வாத்தியார்களின் உடம்பில் மட்டும் தங்கிப்போயிருக்கிறது. குட்டைக் கம்பான செடிகுச்சி, மான் கொம்பு, கத்தி, வெறுங்கையாகப் பழகும் குத்துவரிசை ஆகிய கை நீள ஆயுதங்களுக்கும் பயிற்சிகளுக்கும் அதே கதிதான். மான் கொம்பை மேடையில் வீசிக் காட்டும் பிள்ளைக்கு, எதிரில் ஒருவன் கம்போடு வந்தால் அதை எப்படி எதிர்கொள்வது என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இப்படியொரு நிலையில் நின்று வேறு வழியில் போன நாடு ஒன்று இருக்கிறது. நாம் அங்கே பார்க்க வேண்டும்.

அது பிலிப்பைன்ஸ். கோலும் கத்தியும் கொண்ட அவர்களின் சண்டைக் கலைக்கு ஆர்னிஸ் என்று பெயர். எஸ்கிரிமா, காலி என்றும் சொல்வார்கள். 71 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு பிரம்பு, அல்லது கைக்கு ஒன்றாக இரண்டு, அல்லது ஒரு கையில் நீளக் கோலும் மறு கையில் குறுங்கத்தியும். 2009 டிசம்பர் 11 அன்று அந்நாட்டுச் சட்டம் 9850 ஆர்னிஸைத் தேசிய விளையாட்டாகவும் தேசியத் தற்காப்புக் கலையாகவும் அறிவித்தது. பலாரோங் பம்பன்ஸா என்னும் நாடளாவிய பள்ளி விளையாட்டு விழாவில் ஆண்டுதோறும் முதலில் நடக்கும் போட்டி ஆர்னிஸாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2005, 2019 ஆண்டுகளில் தங்கள் மண்ணில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளிலும் அதைச் சேர்த்தார்கள்.

அவர்கள் இதற்கெல்லாம் மூலமாகச் சொல்லும் நாள் 1521 ஏப்ரல் 27. மக்டான் தீவின் கரையில் உள்ளூர்த் தலைவன் லாபுலாபுவின் ஆட்கள், ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மகெல்லனைக் கொன்ற நாள். உடனிருந்து காயம்பட்டு உயிர் தப்பிய இத்தாலியர் பிகஃபெட்டா எழுதிவைத்த குறிப்பில் ஓர் இடம் இருக்கிறது. மகெல்லன் வாளை உருவப் பார்க்கிறான். பாதிதான் வருகிறது, ஏனென்றால் கையில் மூங்கில் ஈட்டிக் காயம். அதன் பிறகுதான் காலில் பெரிய வெட்டு விழுகிறது, ஆள் சாய்கிறான். லாபுலாபுவின் வீரர்கள் இன்றைய ஆர்னிஸைத்தான் பழகினார்கள் என்று நிறுவ ஆதாரம் கிடையாது. ஆனால் எதிராளியின் தலையைத் தேடாதே, ஆயுதம் ஏந்திய கையை முதலில் அடி என்பது இன்றைக்கு ஆர்னிஸ் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் முதல் மாதத்திலேயே சொல்லப்படும் பாடம். பாம்பின் பல்லைப் பிடுங்குவது என்று ஆசான்கள் அதைச் சொல்வார்கள்.

ஆர்னிஸ் சங்கமாகத் திரண்டது மிகவும் பிந்தி. செபு நகரில் 1932-ல் தோசே பாரேஸ் சங்கம் தொடங்கியது. கன்யேதே குடும்பத்துச் சகோதரர்கள் அதன் தூண்கள். அதிலிருந்து பிரிந்த வெனான்சியோ பேகன் 1952-ல் தனிப் பள்ளி கண்டார். பலின்டவாக் என்ற சிறு தெருவில், ஒரு சீடரின் கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால் பயிற்சி. தெருவின் பெயரே முறைக்கும் பெயராயிற்று. பேகனின் முறையில் ஆளுக்கு ஒரே கோல். ஆசான் அடியை ஊட்டுவார், சீடன் தடுத்துத் திருப்ப வேண்டும். சீடனின் கை வேகம் ஏற ஏற ஆசான் தன் வேகத்தையும் கூட்டுவார், தடுமாறினால் குறைப்பார். இரண்டு பேர் முகம் பார்த்து நிற்காமல் இந்தப் பாடத்தை ஆரம்பிக்கவே முடியாது. ஆர்னிஸ் உயிரோடு இருப்பதற்கு நான் காணும் பெரிய காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் நீக்ரோஸ் தீவில் 1936-ல் பிறந்த ரெமி பிரேசஸ். பழைய பயிற்சியில் உண்மையாகவே கையை அடித்தார்கள். விரல் வீங்கிய பையன்கள் ஜூடோவுக்கும் கராத்தேவுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரேசஸ், பழகும்போது கைக்குப் பதிலாகக் கோலைக் கோலால் அடிக்கச் செய்தார். வீச்சின் வழி மாறவில்லை, காயம் மட்டும் குறைந்தது. பள்ளிக்கூடத்துக்குள் ஆர்னிஸ் போக முடிந்தது இந்தத் திருத்தத்தால்தான். கெட்டிக்காரத்தனமான, கருணையுள்ள திருத்தம் என்று நான் சொல்வேன்.

கடல் கடந்த கதையும் நமக்குப் பரிச்சயமானதே. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் பண்ணைகளுக்குக் கூலிகளாகப் போன பிலிப்பைன்ஸ் ஆண்கள் வெளியார் கண்ணில் படாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். 1966-ல் ஏஞ்சல் கபாலெஸ் அங்கே வெளிப்படையாக ஒரு பள்ளியைத் திறந்தார். அதே ஸ்டாக்டனில் பிறந்த டான் இனோசான்டோ புரூஸ் லீயின் நெருங்கிய சகா. 1973-ல் வந்த ‘என்டர் தி டிராகன்’ படத்தில் லீ இரண்டு குட்டைக் கோல்களோடு சண்டையிடும் காட்சியை உலகமே பார்த்தது. நம் பக்கம் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களோடு சிலம்பமும் போனது. இன்றும் மலேசியாவில் அது தழைத்திருக்கிறது. 1963-ல் ‘பெரிய இடத்துப் பெண்’ படத்தில் எம்.ஜி.ஆர். கம்பெடுத்ததைப் பார்த்துக் கம்பெடுத்த இளைஞர்கள் எத்தனையோ பேர். புலம்பெயர்வும் சினிமாவும் இருவருக்கும் சமமாகத்தான் கிடைத்தன. வித்தியாசம் பயிற்சிக் களத்தில்.

அந்தப் பயிற்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாளில் ஆர்னிஸ் மாணவனுக்குக் கிடைப்பது எண்கள். பரவலாக வழங்கும் வரிசையில் பன்னிரண்டு தாக்குதல்கள்: ஒன்றும் இரண்டும் நெற்றிப்பொட்டுக்கு, மூன்றும் நான்கும் தோளுக்கோ விலாவுக்கோ, ஐந்து வயிற்றுக்குக் குத்து, அப்படியே மார்பு, முழங்கால், கண் என்று போய், பன்னிரண்டு உச்சந்தலையில் முடியும். பள்ளிக்குப் பள்ளி வரிசை மாறும். ஆனால் எண் குறிப்பது ஆயுதம் வரும் வழியை. கோல் வந்தாலும் கத்தி வந்தாலும் வெறுங்கை வந்தாலும் ஒன்றாம் எண் ஒன்றாம் எண்தான். ஆகவே கோலில் பழகியது கத்திக்கும் கைக்கும் தானாகவே மாறுகிறது. முதலில் ஆயுதம், பிறகு வெறுங்கை என்பது அவர்கள் ஏற்பாடு. கேரளத்துக் களரியிலும் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி எல்லாம் முடிந்த பின்னால்தான் வெறுங்கை. ஆயுதம் வரும் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு வெறுங்கை மெதுவாகத் தெரியும் என்பது இதன் பின்னால் இருக்கும் அறிவு.

இரண்டாவது பாடம் சும்மா இருக்கும் கை. ஒரு கையில் கோல் என்றால் மறு கை தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மார்புக்கு முன்னால் நின்று, எதிராளியின் மணிக்கட்டைத் தட்டி, அழுத்தி, பிடித்து, தன் கோலுக்கு வழி செய்து தர வேண்டும். நெடுங்கம்பை இரு கையாலும் பிடிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கை இன்னும் எழுப்பப்படவில்லை. செடிகுச்சியைக் கையில் கொடுத்தால் எழும்.

மூன்றாவதாக, இரட்டைக் கோல் பின்னல். அவர்கள் சினவாலி என்பார்கள். இருவர் எதிரெதிரே நின்று ஒரே தாளத்தில் நான்கு கோல்களையும் மோத விடுகிறார்கள். பார்த்தவுடன் நமக்குக் கோலாட்டம் நினைவுக்கு வரும். கோலாட்டத்தில் கூட்டாளியின் கோல் எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும். இங்கேயும் தொடக்கத்தில் அப்படித்தான். போகப்போக ஒருவர் சொல்லாமல் வரிசையை உடைப்பார், மற்றவர் அந்தக் கணத்தில் தடுத்தாக வேண்டும். ஒத்துப் பழகுவதிலிருந்து ஒவ்வாததைச் சமாளிப்பதற்கு இப்படிச் சிறுகச் சிறுக ஏற்றிக்கொண்டு போவது ஒரு தேர்ந்த கல்வி முறை.

இதற்கெல்லாம் ஏற்ற பொருள் பிரம்பு. மூங்கில் உள்ளே பொள்ளல். பிளந்தால் சிம்பு கத்தியாகும். பிரம்பு உள்ளே நிறைந்த நார். அடிபட்டால் நைந்து பஞ்சாகுமே தவிரக் கூராக உடையாது. இருவர் ஓயாமல் மோதிக்கொள்ள அதுதான் பத்திரம். சிலம்பத்திலும் பிரம்பு புதிதல்ல, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பிரம்பு வளர்கிறது. உள்ளே பொள்ளல் இல்லாத கல்மூங்கிலும் நமக்கு உண்டு. போட்டியிலோ அவர்கள் இரும்புக் கம்பி முகமூடியும் திண்டு வைத்த நீள அங்கியும் போட்டுக்கொண்டு நிஜமாகவே அடிக்கிறார்கள். 1989-ல் செபுவில் நடந்த முதல் உலகப் போட்டி தொட்டு இது நடக்கிறது.

கத்திக்கு வருகிறேன். இங்கேதான் எழுதுகிறவன் மிகவும் பொறுப்போடு இருக்க வேண்டும். அரிவாளை வீரத்தின் அடையாளமாகத் திரையில் காட்டிக் காட்டி நமக்குப் பழகிவிட்டது; அதன் விலையை மாவட்ட அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகள் அறியும். கத்திப் பயிற்சி என்றவுடன் பெற்றோர் முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் முறையான கத்திப் பயிற்சி சினிமாவின் பொய்யை உடைக்கிறது. மரத்தாலோ ரப்பராலோ செய்த பயிற்சிக் கத்தியின் விளிம்பில் சுண்ணாம்புத் தூள் தடவுவார்கள். தாக்குகிறவனுக்கும் தடுக்கிறவனுக்கும் கறுப்புச் சட்டை. சில விநாடிகள் கழித்து நிறுத்திச் சட்டையைப் பார்த்தால், அழகாகத் தடுத்துவிட்டதாக நம்பியவனின் முன்கையிலும் வயிற்றிலும் கழுத்தருகிலும் வெள்ளைக் கோடுகள் இருக்கும். கத்தியை வெறுங்கையால் தட்டிப் பறிக்கும் நாயகனை அதன் பிறகு எந்தப் பிள்ளையும் நம்ப மாட்டான். கத்தியைக் கண்டால் ஓடு. ஓட வழியில்லையென்றால் இடையில் நாற்காலியோ பையோ ஏதாவது ஒன்றை வை. அதுவும் இல்லையென்றால் கத்தி பிடித்த கையை இரு கையாலும் கவ்வு, விடாதே. நேர்மையான ஆசான்கள் சொல்லும் வரிசை இது. இதைப் பழகியவன் கத்தியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போவான் என்ற பயம் எனக்கு இல்லை. பழகாதவன்தான் அதை விளையாட்டாக நினைக்கிறான்.

நிஜக் கத்தி சிறுவர் கைக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆகாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வகுப்பு நடத்துகிறவர்கள் உள்ளூர்க் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டே தொடங்குவது நல்லது.

ஆயுதத்துக்கும் அரசுக்கும் உள்ள உறவு இங்கே பழைய காயம். பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென் மாவட்டங்களில் வேலும் வாளும் துப்பாக்கியும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 1792-ல் திப்புவிடமிருந்து, தருமபுரி அடங்கிய பாராமகால் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. அலெக்சாண்டர் ரீடின் கீழ் தாமஸ் மன்றோ நில அளவை செய்துகொண்டு வாழ்ந்தது இதே தருமபுரியில்தான். 1878-ல் நாடு முழுமைக்கும் ஆயுதச் சட்டம் வந்தது. கம்பு விவசாயியின் கையில் இருக்கும் பொருள். அதை யாரும் பிடுங்க முடியவில்லை. திருவிழாவிலும் ஊர்வலத்திலும் அது ஆட்டமாக உயிர் பிழைத்தது. அலங்காரச் சிலம்பத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய காரணமும் அதுவே. ஒளித்து வைத்துக் காப்பாற்றியதை இனி வெளியே எடுக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆர்னிஸை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஸ்பானியப் பெயர்களும் பன்னிரண்டு எண்களும் நமக்குத் தேவையில்லை. நமக்கு அடிவரிசை இருக்கிறது, காலடி இருக்கிறது, குத்துவரிசை இருக்கிறது. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது பயிற்சியின் அமைப்பை. வாரத்தில் இரண்டு நாளாவது பிள்ளைகள் வட்டத்தைக் கலைத்துவிட்டு இருவர் இருவராக எதிரே நிற்கட்டும். கையில் மூன்றடிப் பிரம்பு, கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்குத் திண்டு வைத்த உறை. முதலில் கோலைக் கோலால் மட்டும் அடிக்கட்டும். ஊட்டுகிறவர் மெதுவாக ஊட்டட்டும். போர்ச் சிலம்பம் தெரிந்த மூத்த வாத்தியார்கள் சித்தேரி மலை அடிவாரத்திலோ பென்னாகரத்துக்கு உள்ளே எங்கோ இருந்தால், சான்றிதழ் கேட்காமல், வயதைப் பார்க்காமல், அவர்களை அழைத்து வந்து மைதானத்தில் நிறுத்தி, அவர்கள் காட்டுவதை ஒவ்வொரு அடியாக ஒளிப்பதிவு செய்யும் வேலையை மாவட்ட விளையாட்டு அலுவலகமே எடுத்துச் செய்யலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அவர்கள் சந்திக்க நேரும் ஆபத்து பேருந்துக்குள்ளும், மாடிப்படியிலும், சில சமயம் வீட்டுக்குள்ளும், கை நீளத்துக்குள் வருவது. ஐந்தடிக் கம்பைச் சுற்ற அங்கே இடம் இருக்காது. குடை, தண்ணீர் பாட்டில், சுருட்டிய புத்தகம் என்று கைக்குக் கிடைத்ததைக் கோலாக்கிக்கொண்டு, மறு கையால் விலக்கி, வழி பார்த்து வெளியேறும் பழக்கம் குட்டைக் கோலிலிருந்துதான் வரும். அந்தக் கணத்தில் உறைந்து நின்றுவிடாமல் இருக்க, இன்னொரு உடம்பு வேகமாகத் தன்னை நோக்கி வருவதை முன்பே பலமுறை பார்த்திருக்க வேண்டும். தனியாகச் சுற்றியவளுக்கு அந்த அனுபவம் கிடைப்பதில்லை.

போட்டி விதி மாறாமல் பயிற்சி மாறாது. எந்த மைதானத்திலும் பிள்ளைகள் பதக்கம் கிடைப்பதைத்தான் பழகுவார்கள். தொட்டால் புள்ளி என்று கம்புச் சண்டை ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அதோடு முதலமைச்சர் கோப்பையின் மாவட்டச் சுற்றில் குட்டைக் கோல் இருவர் சண்டை ஒன்றைச் சேர்க்கலாம்: திண்டு வைத்த கோல், முகமூடி, ஒரு சுற்று ஒரு நிமிடம். ஆயுதக் கையைத் தொட்டால் மற்ற இடங்களைவிட ஒரு புள்ளி கூடுதல். இருவர் மேலும் ஒரே நேரத்தில் அடி விழுந்தால் இருவருக்கும் ஒன்றும் கிடையாது. இந்தக் கடைசி விதி ஒன்று போதும், ஒரே ஆண்டில் பிள்ளைகள் நிற்கும் விதமே மாறிவிடும்.